விரிப்பின் இன்னொரு முனை

குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் காலையில் அவளுடைய படத்தை மாட்டினார்கள். அன்று மத்தியானமே அவளுடைய நாத்தனாரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, "இந்த மாசத்தோட நின்னுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் செய்தவர் ஒரே மேனேஜர். செய்துவிட்டு எப்படித்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாரோ, அந்த மனுஷன்!

படத்துக்குக் கீழே 'சிறந்த பணியாளர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படத்தில் அவள் வாய் திறந்திருந்தது. யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த படம். அவளை வாய் மூடிய நிலையில் படம் எடுக்க வேண்டுமென்றால் அவள் தூங்கும்போதுதான் வர வேண்டும். சலவைக்கூடத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பேர் வைத்தது சும்மா இல்லை. பெண்டாட்டி வேலைக்குப் போகிற இடத்தில் என்ன பேர் வாங்கியிருக்கிறாள் என்று கேட்டறிந்த வீட்டுக்காரர், "கரெக்டா கண்டுபிடிச்சிட்டாங்களே" என்று சொல்லப் போய், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடம் அது. வாசலை ஒட்டிப் பிரிக்கிற அறை. அதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நுழைய முடியும். நடுவில் ஆள் உயரத்துக்குத் துவைக்கிற இயந்திரங்கள். கடைசியில் இஸ்திரி உருளை. ஈர விரிப்பு ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் சுடச்சுட, மொடமொடவென்று வெளியே வரும். அங்கேதான் மடிக்கிற மேஜைகள், ஒவ்வொரு மேஜைக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் இரண்டு முனை, எதிரே இன்னொருத்தி கையில் இரண்டு முனை. இழுத்து, உதறி, நேராக்கி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனையோடு முனையைச் சேர்க்க வேண்டும். இரட்டைக் கட்டில் விரிப்பைத் தனி ஆளாக மடிப்பேன் என்று யாராவது சொன்னால், அவர் பிறந்ததிலிருந்து ஒரு விரிப்பைக்கூட மடித்ததில்லை என்று அர்த்தம்.

பட்டாசும் நாத்தனாரும் ஒரே மேஜை. ஒரே வீடும்கூட. நாத்தனாரின் புருஷன் திடீரென்று போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு பெட்டியும் ஒரு குடையுமாகத் தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். வந்த புதிதில் இரண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான். உப்பு கூடினால் சண்டை, ஜன்னலைச் சாத்தினால் சண்டை. ஒரு நாள் நாத்தனார், "நான் சோத்துக்கு உக்காந்திருக்கிறவள்னு நெனச்சியா? எனக்கும் ஒரு வேலை பாத்துக் குடு, என் சோத்த நானே தின்னுக்கறேன்" என்று கேட்டுவிட்டாள். பட்டாசுக்குச் சுருக்கென்றது. மறுநாளே கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். மேனேஜர் நாத்தனாரைப் பட்டாசின் மேஜையிலேயே எதிர் முனையில் நிறுத்தினார்.

அதுதான் கூத்து. முறைத்துக்கொண்டு விரிப்பு மடிக்க முடியாது. ஒருத்தி கோபத்தில் வெடுக்கென்று இழுத்தால் துணி கோணிக்கொண்டு போகும். கோணினால் பிரித்து, உதறி, மறுபடியும் முதலிலிருந்து. வீட்டில் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்கள் இங்கே நாள் முழுக்க ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வர வேண்டியிருந்தது. எத்தனை நாளைக்குத்தான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே நடக்க முடியும்? "இழுக்காதடி", "நீங்க விடுங்கக்கா" என்று ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் வீட்டுக்காரரைப் பற்றிப் புறம் பேசுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டது. அவருடைய அக்காவும் பெண்டாட்டியும் ஒன்று சேர்ந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு வீட்டில் வாயே கிடையாது.

நாத்தனார் அதிகம் பேசமாட்டாள். ஆனால் சம்பள நாளில் அவள் நடையே வேறு. பக்கத்துக் கடையில் தனக்கென்று ஒரு சோப்பு, தனக்கென்று ஒரு தலைவலித் தைலம், வீட்டுக்கு ஒரு பை காய்கறி. பையைச் சமையலறையில் வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பாள். அந்தச் சத்தத்தில்தான் அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இந்த நிலைமையில்தான் பெட்டி வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து டை கட்டிய இரண்டு பேர் வந்து ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னப் பெட்டியைத் திருகினார்கள். ஒவ்வொருத்திக்கும் ரப்பர் பட்டை ஒன்றைக் கையில் மாட்டினார்கள். ஒரு விரிப்பு மடித்து அடுக்கியதும் பட்டையைப் பெட்டியில் தொட வேண்டும். பச்சை விளக்கு எரிந்து 'டிங்' என்று சத்தம் வரும். யார் பட்டையோ அவர் கணக்கில் அந்த விரிப்பு ஏறும். கண்ணாடி அறையில் மேனேஜருடைய திரையில் எல்லாப் பேரும் வரிசையாகத் தெரியும்.

"மடிக்கிறது ரெண்டு பேரு. யாரு சார் தொடணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

டை கட்டியவர் மற்ற டை கட்டியவரைப் பார்த்தார். "யாரு வேணா தொடலாம். ஆனா ஒரு பெட்ஷீட்டுக்கு ஒரு தடவதான். ரெண்டாவது தடவ தொட்டா சிவப்பு விளக்கு எரிஞ்சு கத்தும்."

இந்த லட்சணத்தில்தான் ஐயா பெட்டி செய்து கொண்டுவந்தார்கள்! இரண்டு பேர் செய்கிற வேலைக்கு ஒரு ஆள் கணக்கு. படித்துப் படித்துப் பட்டம் வாங்கி, குளிர் அறையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த அழகு இது.

ஓர மேஜைக்காரிகள் இரண்டு பேர், இது நமக்கு ஒத்துவராது என்று முணுமுணுத்தார்கள். அவர்கள் கொஞ்சம் அரட்டைக்காரிகள். பட்டாசு சும்மா இருந்தாளா? "ஏன் ஒத்துவராது? வேல செய்யறவளுக்கு என்ன பயம்? வரட்டும், யாரு கத பேசறா, யாரு ஒடம்பு வளைச்சு மடிக்கிறான்னு தெரியட்டும்!" என்று கூடமே அதிரச் சொன்னாள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். பெட்டிக்கு அவரைவிடப் பெரிய ஆதரவாளி கிடைத்துவிட்டாளே!

அந்த மேனேஜருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு: சரிங்கசார். ஒரு காலத்தில் அதே கூடத்தில் ஈரத்துணி வண்டி தள்ளியவர். ஆள் குறைந்த நாளில் மேஜையில் நின்று மடித்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டு, "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்வது கண்ணாடிக்கு வெளியேயும் கேட்கும். அதைத் தவிர வேறு ஒரு சொல்லை அந்த போனில் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

மற்ற மேஜைகளில் 'உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு' என்று பங்கு போட்டுக்கொண்டு தொட்டார்கள். பட்டாசின் மேஜையில் பங்கு எதற்கு? உருளையின் சூட்டில் ரப்பருக்கு அடியில் நாத்தனாரின் மணிக்கட்டு வெந்து கொப்பளித்துவிட்டது. அவள் பட்டையைக் கழற்றி மேஜைக்கடியில் இருந்த ஆணியில் மாட்டினாள். "நீயே தொட்டுக்கடி. ரெண்டு சம்பளமும் ஒரே வீட்டுக்குத்தான வருது." பட்டாசும் சரி என்றாள். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிறவர்கள், உன்னுது என்னுது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த நினைப்புதான் வினையாகப் போயிற்று.

பெட்டிக்கு நாத்தனார் தெரியுமா, கொப்பளம் தெரியுமா? அதன் கணக்கில் ஒருத்தி கூடத்திலேயே முதல். இன்னொருத்தி வேலைக்கு வந்தும் மாதக்கணக்கில் ஒரு விரிப்பைக்கூடத் தொடாதவள்.

படம் மாட்டிய அன்று மத்தியானம் நாத்தனார் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. விஷயத்தைக் கேட்டதும் பட்டாசு விரிப்பை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு அறைக்குள் நுழைந்தாள். கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் அவளுக்கு அன்றைக்கு இல்லை.

"சார், எங்கக்கா வேல செய்யலன்னு உங்க வாயால சொன்னீங்களா?"

"நான் சொல்லலம்மா. ரிப்போர்ட் சொல்லுது."

"ரிப்போர்ட்டுக்கு வாய் இருக்கா? நீங்கதான சார் தெனமும் அந்தக் கண்ணாடி வழியா பாக்கறீங்க? அவங்க என் எதிர்ல நிக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

மேனேஜர் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியும்மா. எனக்குத் தெரியாதா? ஆனா ரிப்போர்ட் மேல போயிடுச்சு. பெட்டி நல்லா வேல செய்யுதுன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். இப்ப போய் கணக்கு தப்புன்னு சொன்னா, இத்தன நாளா என்னத்தப் பாத்துட்டிருந்தன்னு என்னயக் கேப்பாங்க."

கேட்டீர்களா? தெரியுமாம்! தெரிந்தேதான் செய்தாராம்! தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். தன் நாற்காலி ஆடக் கூடாதென்று இன்னொருத்தி பிழைப்பில் கை வைக்கிற ஆளை என்னவென்று சொல்வது?

"உங்களுக்கு வேற நல்ல ஜோடி போட்டுத் தர்றேன்" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழம டைரக்டர் வர்றாரு, உங்களுக்குப் பரிசு குடுக்க. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் வாய அடக்கிக்கங்கம்மா."

வீட்டில் அதற்கு மேல். வீட்டுக்காரர் டயர் கடையிலிருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "போனா போவுது விடு. அக்கா வீட்டுல இருந்தா நல்லதுதான? சமையல் வேலையாவது அவ பாத்துக்குவா. நீயும் வந்து ஓய்வா உக்காரலாம்."

நாத்தனார் தம்பியின் தட்டில் சோற்றைப் போட்டாள். பிறகு தன் தட்டை எடுத்து, வழக்கமாகப் போட்டுக்கொள்வதில் பாதியைத்தான் போட்டுக்கொண்டாள். இன்னும் மாதம் முடியவில்லை, வேலை போகவில்லை, அதற்குள் பாதிச் சோறு! பட்டாசு அதைப் பார்த்தாள். கரண்டியை வாங்கி நாத்தனாரின் தட்டில் மலை மாதிரி சோற்றைக் குவித்தாள்.

"சாப்பிடுங்கக்கா. இது நீங்க சம்பாதிச்ச சோறு." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்க கடையில டயர் கழட்டறது நீங்க, மாட்டறது இன்னொருத்தர். மாட்டறவர் மட்டும்தான் வேல செஞ்சாருன்னு உங்க மொதலாளி சொன்னா, வீட்டுல வந்து எனக்கு சமைச்சுப் போடுவீங்களா?"

அவர் சாப்பிட்டு முடித்தார். கைகழுவிவிட்டு வந்து, "தப்பா சொல்லிட்டேன்க்கா" என்றார். அது ஒன்றுதான் அந்த வாரத்தில் நடந்த நல்ல காரியம்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். நாத்தனாரை அவர் கண்ணில் படாமல் பிரிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டிருந்தார் மேனேஜர். டைரக்டர் சிரித்த முகம், நல்ல வாசனை. 'உலகமே மாறிக்கொண்டிருக்கிறது' என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் பேசினார். பட்டாசின் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார். பிறகு போனை எடுத்து உயர்த்தினார். "நம்ம நம்பர் ஒன் எப்படி மடிக்கிறாங்கன்னு ஒரு வீடியோ எடுத்துக்கலாமா? மத்த ஊர்லயும் காட்டணும்."

"தாராளமா சார்" என்றாள் பட்டாசு. கடிகாரத்தை மேஜைக்கடியில் வைத்தாள். உருளையிலிருந்து ஒரு பெரிய விரிப்பு வந்தது. இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நின்றாள். விரிப்பின் மறுபாதி உருளையிலிருந்து வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அசையவில்லை. எதிரே ஆள் இல்லை.

"ஏன் நிக்கறாங்க?" என்றார் டைரக்டர்.

இன்னும் ஒரு சாண் இறங்கினால் துணி தரையில் படும். தரையில் பட்டால் திரும்பத் துவைக்க வேண்டும். அது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம். மேனேஜருக்கும்தான். கோட்டும் சட்டையுமாக நின்றிருந்தவர் ஒரே தாவலில் வந்து மற்ற இரண்டு முனைகளையும் பிடித்துவிட்டார். பிடித்த கை சும்மா இருக்குமா? இழுத்தார், உதறினார், அவளை நோக்கி நடந்து வந்தார், முனையோடு முனையைச் சேர்த்தார். பழைய வேலைக்காரர், நன்றாகத்தான் மடித்தார். பட்டாசு விரிப்பை வாங்கி அடுக்கில் வைத்தாள். பட்டையைப் பெட்டியில் தொட்டாள். டிங்.

"பாத்துக்கங்க சார்" என்றாள் டைரக்டரிடம். "இப்ப இந்த பெட்ஷீட்ட நான்தான் மடிச்சேன். இவரு ஒண்ணுமே செய்யல. பெட்டி சொல்லிடுச்சு. எங்கக்காவ அனுப்பற மாதிரி இவரையும் மாசக் கடைசியில அனுப்பிடுங்க."

டைரக்டர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார்! "நல்லா தமாஷா பேசறாங்க" என்று மேனேஜரின் தோளைத் தட்டினார். "ஆனா நம்பர் நம்பர்தாம்மா" என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்ட கேள்விக்கு அவருடைய பதில் ஒரு சிரிப்பு. கூடத்தில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பட்டாசு தன் பட்டையைக் கழற்றினாள். மேஜைக்கடியில் ஆணியில் மாட்டினாள். அங்கே தொங்கிய நாத்தனாரின் பட்டையை எடுத்து, நாத்தனாரின் மணிக்கட்டில் கைக்குட்டையை மடித்துச் சுற்றி அதன் மேல் கட்டினாள். "இனிமே நீங்க மட்டும் தொடுங்க. நம்பர் நம்பர்தானாமே, பாப்போம்."

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். ஓர மேஜைக்காரி ஒருத்தி தன் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரில் வேகமான கைக்காரி அவள்தான்.

"நீ எதுக்குடி கழட்டற?" என்றாள் பட்டாசு.

"அன்னிக்கு எங்களக் குத்திக்காட்டிதான இந்தப் பெட்டி வரட்டும்னு கத்துன? அதுக்கு ஒரு நாளைக்கு உன்னய வெச்சுக்கறேன். இப்ப அதுக்கு நேரமில்ல" என்றாள் அவள்.

பட்டாசு அவளுடைய பட்டையை வாங்கித் தானே மாட்டி வைத்தாள். அதற்குள் அடுத்த மேஜை, அதற்கடுத்த மேஜை. ஒவ்வொரு மேஜையிலும் கை வேகமானவள் கழற்றினாள், மற்றவள் தொட்டாள். வேலை ஒரு நூல் குறையவில்லை. விரிப்புகள் எப்போதும் போல மலையாக ஏறின. ஆனால் கண்ணாடி அறைத் திரையில், கூடத்தின் நல்ல வேலைக்காரிகள் அத்தனை பேரும் சுத்த சோம்பேறிகள். பாதிப் பேர் சிவப்பு. அந்தச் சிவப்பில் முதல் பேர், சுவரில் வாயைத் திறந்துகொண்டு தொங்குகிற சிறந்த பணியாளர்.

அடுத்த வாரம் முடிவதற்குள் போன் வந்தது. வழக்கம்போல மேனேஜர் எழுந்து நின்றார். எல்லா மேஜையிலும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"சரிங்க சார்... சரிங்க சார்..." அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். நாத்தனார் அப்போது முனைகளைப் பிடித்துக்கொண்டு பட்டாசை நோக்கி நடந்து கொண்டிருந்தாள். மேனேஜர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இல்லீங்க சார்" என்றார்.

கூடத்தில் கைகள் நின்றன.

"இல்லீங்க சார். பாதிப் பேர அனுப்ப முடியாது. அவங்க மேல தப்பு இல்ல. கணக்குதான் தப்பு. ஆமா சார், நிக்கச் சொன்ன அந்தம்மா கணக்கும் தப்புதான். ஆமா, தெரிஞ்சேதான் எழுதினேன்."

அதற்குப் பிறகு மறுமுனையில் அவருக்கு என்ன விழுந்ததோ, யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அவர் மேஜைக்கு வந்தார். நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் அடுக்கி வைத்த விரிப்புகளைப் பார்த்துக்கொண்டு, "நீங்க இருங்கம்மா" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நாத்தனார், "இருக்கேன் சார்" என்றாள்.

அடுத்த மாதம் டை கட்டியவர்கள் மறுபடியும் வந்து பெட்டியை மாற்றினார்கள். இப்போது இரண்டு பட்டையும் தொட்டால்தான் பச்சை விளக்கு எரியும். ஒரு விரிப்பு, இரண்டு பேர் கணக்கு. நல்லது. ஆனால் அதோடு விட்டார்களா? சுவரில் பட்டாசின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைரக்டரின் சிரித்த படத்தை ஒட்டினார்கள். கீழே எழுதியிருந்தது: 'பணியாளர் நலனில் அக்கறை கொண்டு நிர்வாகம் உருவாக்கிய புதிய மேம்பாடு.'

"அடப் பாவிகளா!" பட்டாசு வெடித்தாள். "எங்கக்கா சோத்துல கை வெச்சுட்டு, இப்ப அக்கறையாம்! நம்ம சண்ட போட்டு வாங்கினத இவரு உருவாக்கினாராம்! இருங்க, அந்தப் படத்த..."

"ஏய்" என்றாள் நாத்தனார். உருளையிலிருந்து விரிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. "கீழ விழுந்துடப்போவுது. முனையப் புடி."

பட்டாசு பல்லைக் கடித்துக்கொண்டு முனையைப் பிடித்தாள். ஆனால் வெடுக்கென்றுதான் பிடித்தாள். துணி கோணியது. நாத்தனார் பிரித்து உதறப் போகவில்லை. அன்றைக்கு அவளும் தன் முனையைப் பிடித்து அதே வேகத்தில் ஒரு இழு இழுத்தாள். அந்த ஒரு விரிப்பைக் கோணலாகவே மடித்து, கோணலாகவே அடுக்கில் வைத்து, இரண்டு பேரும் பட்டையைத் தொட்டார்கள்.